கோட்டை வாத்தியம் கச்சேரிக்கு வந்த கதை - பாலுஸ்வாமி தீட்சிதர்

எந்தக் கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போனாலும் மேடை அமைப்பு ஒன்றுதான். நடுவில் பாடகர், ஒரு பக்கம் மிருதங்கம், மறு பக்கம் வயலின். கல்யாண வீட்டுக் கச்சேரியானாலும் சரி, மார்கழி சபாவானாலும் சரி, வயலின் இல்லாமல் நடக்காது. பெரியவர்கள் இன்னும் அதைப் "பிடில்" என்றே சொல்கிறார்கள். அது ஒரு வெளிநாட்டு வாத்தியம் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

ஆனால் இருநூறு வருடங்களுக்கு முன்பு அது கப்பலில் வந்து இறங்கிய சாமான். அதே கப்பல்களில் பியானோவும் வந்தது. இரண்டும் மதராஸில்தான் இறங்கின. இரண்டையும் வெள்ளைக்காரர்கள்தான் வாசித்தார்கள். பிறகு நடந்ததைப் பாருங்கள்! பியானோ துரைமார் பங்களாவிலும், சர்ச்சிலும், பிற்காலத்தில் சினிமா செட்டிலும் நின்றுவிட்டது. பிடில் மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டது.

ஏன் ஒன்று உள்ளே வந்தது, இன்னொன்று வாசலிலேயே நின்றது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மணலிக்குப் போக வேண்டியிருக்கிறது.

மணலியில் ஒரு குடும்பம்

காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, புகைபோக்கி, வரிசையாக நிற்கும் டேங்கர் லாரிகள். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட இந்த ஊர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சங்கீதத் தலமாக இருந்தது என்றால் நம்புவது கஷ்டம்தான்.

அந்தக் காலத்தில் மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் இருந்தார். அவருக்குப் பிறகு அவருடைய மகன் வெங்கடகிருஷ்ண முதலியார். இவரைச் சின்னையா முதலியார் என்றும் அழைப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடைய துபாஷிக் குடும்பம் இது.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். ஆனால் வேலை வெறும் மொழிபெயர்ப்பு இல்லை. வெள்ளைக்கார வியாபாரிக்குச் சரக்கு பிடித்துக் கொடுப்பது, கடன் ஏற்பாடு செய்வது, உள்ளூர் ஆட்களோடு பேரம் பேசுவது என்று எல்லாமே துபாஷி வழியாகத்தான் நடந்தன. இன்றைய பாஷையில் சொன்னால் ஏஜென்ட், புரோக்கர், மேனேஜர் மூன்றும் சேர்ந்த ஒரு ஆள். இப்படிச் சம்பாதித்தவர்களில் பலர் கோயிலுக்கும் வித்வான்களுக்கும் தாராளமாகச் செலவு செய்தார்கள்.

மணலி முதலியார் ஆதரித்த வித்வான்களில் ஒருவர் திருவாரூர் ராமஸ்வாமி தீட்சிதர் (1735-1817). ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர் இவர்தான். கச்சேரி ஆரம்பத்தில் பிள்ளையார் மேல் ஹம்ஸத்வனியில் பாடுகிறார்களே, அந்த ராகம்! முதலியாரின் அழைப்பை ஏற்றுக் குடும்பத்தோடு திருவாரூரை விட்டு மணலிக்கு வந்தார்.

அவருக்கு மூன்று மகன்கள். மூத்தவர் முத்துஸ்வாமி (1775-1835), பிற்காலத்தில் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவராகப் போற்றப்பட்டவர். இரண்டாமவர் சின்னஸ்வாமி. கடைசி மகன் 1786இல் பிறந்த பாலுஸ்வாமி. பாலாம்பாள் என்று ஒரு மகளும் உண்டு.

அண்ணன் புகழில் தம்பிகளின் பெயர் மறைந்துபோனது. அதிலும் பாலுஸ்வாமி செய்த காரியத்துக்கு இந்த மறதி கொஞ்சம் அநியாயம்தான்.

கோட்டையில் கேட்ட இசை

துபாஷிக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் போக்குவரத்து உண்டு. சின்னையா முதலியார் தீட்சிதர் சகோதரர்களையும் அங்கே அழைத்துப் போவார். கோட்டையில் கம்பெனியின் பேண்ட் வாசிக்கும். ஆங்கிலேய, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மெட்டுகள், அணிவகுப்புப் பாட்டுகள், நடனப் பாட்டுகள் என்று பலவிதம்.

ஆசாரமான ஒரு வைதீகக் குடும்பத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

அண்ணன் முத்துஸ்வாமி அந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அவற்றுக்குத் தெய்வங்களின் பெயரில் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். இவைதான் "நோட்டுஸ்வர சாகித்யங்கள்". சுமார் நாற்பது பாட்டுகள் இருக்கின்றன. பாட்டு கற்கும் குழந்தைகள் பாடும் "சக்தி ஸஹித கணபதிம்" இந்த வகைதான். இன்னொன்று "ஸந்ததம் பாஹிமாம்". அதன் மெட்டு என்ன தெரியுமா? இங்கிலாந்தின் தேசிய கீதம்! ராஜாவைக் கடவுள் காக்கட்டும் என்று கோட்டையில் வாசித்த மெட்டில், மணலியில் அம்பாளைப் பாடினார்கள்.

தம்பி பாலுஸ்வாமி எடுத்துக்கொண்டது மெட்டை அல்ல, வாத்தியத்தை. அந்தக் கூட்டத்தில் ஒலித்த பிடில் அவரை இழுத்தது. சின்னையா முதலியார் ஒரு ஐரோப்பிய வாத்தியக்காரரை ஏற்பாடு செய்ய, பாலுஸ்வாமி அவரிடம் சுமார் மூன்று வருடம் பயின்றார் என்பது குடும்ப வரலாறு. ஏற்கெனவே அவருக்கு வீணை தெரியும். ஸ்வரபத், மிருதங்கம் போன்றவையும் தெரியும். அதாவது ராக ஞானம் முழுமையாக வந்த கையில்தான் பிடில் வந்து சேர்ந்தது. இது ரொம்ப முக்கியம்.

பிடிலுக்கும் பியானோவுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கே கொஞ்சம் வாத்தியங்களின் அமைப்பைப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி கம்பியைத் தட்டும். அந்தக் கம்பிக்கு ஒரே சுருதிதான். தட்டிய பிறகு ஓசை மெதுவாகத் தேய்ந்து போகும். நடுவில் அதை வளைக்கவோ அசைக்கவோ முடியாது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் எதுவும் கிடையாது.

ஆனால் கர்நாடக சங்கீதத்தின் உயிரே அந்த நடுவில்தான் இருக்கிறது! அதைத்தான் கமகம் என்கிறோம். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்தினால் அது தோடியே இல்லை. பியானோவில் அந்தக் கட்டையை எத்தனை முறை அழுத்தினாலும் தோடி வராது. நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தில் அமைந்ததற்கும் இதுவே காரணம். மேல்நாட்டு மேஜர் ஸ்கேலுக்கு அதே ஸ்வரங்கள்தான். கமகத்தை அதிகம் வற்புறுத்தாமல் நேராகப் பாடினாலும் காதுக்கு இதமாக இருக்கும்.

பிடில் கதையே வேறு. அதன் கழுத்தில் வீணைக்கு இருப்பது போல மெட்டுகள் கிடையாது. வழுவழுப்பான பலகை. விரலை எங்கே வைத்தாலும் ஒரு ஸ்வரம், இழுத்தால் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் உள்ள எல்லாமே கிடைக்கும். வில்லைப் போட்டுக்கொண்டிருக்கும் வரை நாதம் அறுபடாது. மனிதக் குரலைப் போலவே நீளும், குழையும். வீணையை விடச் சத்தமும் அதிகம். மைக் இல்லாத காலத்தில் பாடகருக்குப் பின்பாட்டு வாசிக்க இதைவிட வசதியான வாத்தியம் கிடையாது.

ஆக, பிடிலுக்குள் கர்நாடக சங்கீதம் ஏற்கெனவே ஒளிந்துகொண்டிருந்தது. பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளைக்கார வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை அப்படியே வாசித்திருந்தால் பாலுஸ்வாமி இன்னொரு பேண்ட் வாத்தியக்காரராகப் போயிருப்பார். அவர் வில்லைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது அவர்களுக்காக, வாசித்தது தன் வீட்டுச் சங்கீதத்தை. மேல்நாட்டுப் பிடிலில் நாலு கம்பிகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். நம்மவர்கள் அதை ஸ-ப-ஸ-ப என்று மாற்றிக்கொண்டார்கள். நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பதை விட்டுவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பாகத்தை மார்போடு சாய்த்துக்கொண்டார்கள். இப்படி வைத்தால் இடது கை வாத்தியத்தைத் தாங்க வேண்டியதில்லை. கம்பி மேல் தாராளமாக ஓடலாம். கமகம் வாசிக்க அந்தச் சுதந்திரம் தேவை. இதெல்லாம் ஒரே நாளில் நடந்ததல்ல, தலைமுறைகளாகப் பழகி வந்தது. ஆனால் அந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்பவர் பாலுஸ்வாமி.

அதே சமயம் ஐரோப்பாவில்...

பாலுஸ்வாமிக்கு நாலு வருடம் முன்பு, 1782இல், இத்தாலியின் ஜெனோவா நகரில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் நிக்கோலோ பகனினி. உலகம் கண்ட மிகப் பெரிய வயலின் கலைஞர்களில் ஒருவர். 1828இல் வியன்னாவில் தொடங்கி ஊர் ஊராகப் போய் வாசித்தார். அவர் வருகிறார் என்றால் டிக்கெட் விலையை ஏற்றுவார்கள், அப்படியும் கூட்டம் முண்டியடிக்கும். 1832இல் பாரிஸில் அவரைக் கேட்ட இளைஞர் பிரான்ஸ் லிஸ்ட், இவர் வயலினில் செய்வதை நான் பியானோவில் செய்வேன் என்று வெறியோடு சாதகம் செய்தார். பெரிய மண்டபம், காசு கொடுத்து வரும் ஜனங்கள், மேடையில் தனியாக ஒரு பியானோ. இன்று நாம் பார்க்கும் பியானோ கச்சேரியின் வடிவம் லிஸ்ட், கிளாரா ஷூமான் ஆகியோரின் அந்தத் தலைமுறையில்தான் உருவானது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகனினியும் பாலுஸ்வாமியும் ஒரே காலம், ஒரே வாத்தியம். ஆனால் ஒருவருக்குச் சந்தை இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. ஐரோப்பாவில் டிக்கெட் வாங்கும் நடுத்தர வர்க்கம் வந்துவிட்டது. அவர்களைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் வித்வானின் வருமானம் முழுக்க ஒரு முதலியார், ஒரு ஜமீன்தார், ஒரு ராஜா கையில். ஆதரித்தவர் போனால் வித்வான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பாலுஸ்வாமிக்கும் அதுதான் நடந்தது.

மதுரை, பிறகு எட்டயபுரம்

மணலி வாழ்க்கை முடிந்து குடும்பம் மறுபடி திருவாரூருக்குத் திரும்பியது. 1817இல் தந்தை ராமஸ்வாமி காலமானார். குடும்பத்தில் வறுமை. தம்பிகள் சின்னஸ்வாமியும் பாலுஸ்வாமியும் பிழைப்புத் தேடித் தெற்கே மதுரைக்குப் போனார்கள். சின்னஸ்வாமிக்குப் பார்வை போயிருந்தது. 1823இல் அவர் அங்கேயே இறந்துபோனார். பாலுஸ்வாமி தனியாக நின்றார். அப்போது வயது 37.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தது எட்டயபுரம் ஜமீன். 1824இல் பாலுஸ்வாமி எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக அமர்ந்தார். மதராஸ் கோட்டையில் கற்ற பிடில் கரிசல் காட்டு அரண்மனையில் ஒலிக்க ஆரம்பித்தது. ஐரோப்பாவில் பகனினியின் மிகப் பெரிய சுற்றுப்பயணம் தொடங்க இன்னும் நாலு வருடம் இருந்தது.

தம்பிகளைத் தேடி அண்ணன் முத்துஸ்வாமியும் புறப்பட்டார். மதுரைக்கு வந்த இடத்தில் பாலுஸ்வாமி எட்டயபுரத்தில் இருப்பது தெரிந்து அங்கே போனார். வழியில் வறட்சியைக் கண்டு மனம் இளகி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை தம்பியைத் தேடிப் போன வழியில் நடந்ததாகச் சொல்லப்படுவது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எட்டயபுரத்தில் பாலுஸ்வாமியின் திருமணத்தை ஒட்டி அண்ணனும் தம்பியும் சேர்ந்தார்கள் என்று குடும்ப மரபு சொல்கிறது. 1835 தீபாவளி நாளில் முத்துஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவருடைய சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. திருவாரூரில் பிறந்தவருக்கு எட்டயபுரத்தில் சமாதி இருப்பதற்குக் காரணம், பிடில் வாசித்த தம்பிக்கு அந்த ஊரில் வேலை கிடைத்ததுதான்!

பேரன் காத்த சொத்து

அண்ணனுக்குப் பிறகு பாலுஸ்வாமி இருபத்து நாலு வருடம் வாழ்ந்தார், 1859 வரை. தன் மகள் வயிற்றுப் பேரனான சுப்பராமனை (1839-1906) சுவீகாரம் எடுத்து வளர்த்தார். முத்துஸ்வாமி இறந்து நாலு வருடம் கழித்துப் பிறந்தவர் சுப்பராமர். அவருக்குப் பெரிய தாத்தாவின் கீர்த்தனைகளையும் குடும்பப் பாடாந்தரத்தையும் கொடுத்தவர் பாலுஸ்வாமிதான்.

அப்போது எதுவும் அச்சில் இல்லை. எல்லாம் மனப்பாடம். பாலுஸ்வாமியின் நினைவில் இருந்தது சுப்பராமர் நினைவுக்குப் போனது.

1890களில் மதராஸிலிருந்து ஏ.எம். சின்னஸ்வாமி முதலியார் என்ற சங்கீத அபிமானி எட்டயபுரத்தைத் தொடர்புகொண்டார். இவர் நம் சங்கீதத்தை மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பில் அச்சிட முயன்று, தன் காசையும் உடம்பையும் செலவழித்தவர். 1893 வாக்கில் வெளியீடும் தொடங்கினார். குடும்பத்தில் இருப்பதையெல்லாம் அச்சேற்ற வேண்டும் என்று சுப்பராம தீட்சிதரை வற்புறுத்தியவர்களில் இவர் முக்கியமானவர். எட்டயபுரம் ஜமீனின் ஆதரவோடு 1904இல் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள், கமகக் குறிகளோடு. பிற்பாடு சென்னை மியூசிக் அகாடமி இதைத் தமிழில் கொண்டுவந்தது.

அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது இரங்கல் பாட்டு எழுதியிருக்கிறார். பாலுஸ்வாமி மறைந்தபோது எழுத ஆள் இல்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பேரன் அந்தப் புத்தகத்தில் எழுதி வைத்ததுதான்.

முதல் ஆள் இவர்தானா?

இதில் ஒரு வாதம் உண்டு. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) மேல்நாட்டு பேண்ட் வைத்திருந்தார். அந்த அரண்மனையைச் சேர்ந்த வராஹப்பையரும் பிடில் வாசித்தவர் என்கிறார்கள். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு (பிறப்பு 1810) பிடிலில் பெரிய பெயர் எடுத்தார். 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தார். அதனால் வடிவேலுவே முன்னோடி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வடிவேலு பிறந்தபோது பாலுஸ்வாமிக்கு வயது 24. தவிர, தஞ்சை நால்வர் முத்துஸ்வாமி தீட்சிதரின் சீடர்கள். ஆக எப்படிப் பார்த்தாலும் நூல் அந்த வீட்டுக்குத்தான் போகிறது. பிடிலைப் பரப்பிய பெருமையை வடிவேலுவுக்குக் கொடுப்பதால் பாலுஸ்வாமிக்கு ஒன்றும் குறையாது.

பிறகு என்ன ஆனது?

அடுத்த நூறு வருடத்தில் பிடில் இல்லாத கச்சேரி இல்லை என்றாகிவிட்டது. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, துவாரம் வேங்கடஸ்வாமி நாயுடு, பிறகு லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் என்று பரம்பரை நீண்டது. 1965இல் எடின்பரோ விழாவில் லால்குடி வாசித்ததைக் கேட்ட மேல்நாட்டு வயலின் மேதை யெஹுதி மெனுஹின் அசந்துபோய் அவருக்கு ஒரு இத்தாலிய வயலினைப் பரிசாகக் கொடுத்தார். ஐரோப்பியர் ஒருவர் மணலிப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தது, ஒன்றரை நூற்றாண்டு சுற்றி, ஐரோப்பாவையே வியக்க வைத்தது.

பியானோ? மவுண்ட் ரோடில் இருக்கும் மியூசி மியூசிக்கல் கடை மிஸ்க்வித் என்ற பெயரில் 1842லேயே தொடங்கியது. வாங்குபவர்கள் இருந்தார்கள், வாசிப்பவர்களும் இருந்தார்கள், ஆனால் அது தனி உலகமாகவே இருந்தது. பியானோவைப் போலவே கட்டை வைத்த ஆர்மோனியத்துக்குக் கமகம் வராது என்ற காரணத்தோடு 1940இல் அகில இந்திய வானொலி தடையே போட்டது. அது தளர்ந்தது 1971இல்தான். நம் காலத்தில்தான் அனில் ஸ்ரீனிவாசன் பியானோவில் அமர, சிக்கில் குருசரண் பாட, இரண்டும் ஒரே மேடையில் பேசிக்கொள்கின்றன. அங்கேயும் பியானோ கமகத்தை நகலெடுக்க முயல்வதில்லை, தன் பாஷையில் பக்கத்தில் நின்று பேசுகிறது. எலக்ட்ரானிக் கீபோர்டில் சுருதியை வளைக்கும் சக்கரத்தை வைத்து கீபோர்டு சத்யநாராயணன் கமகமே வாசித்துக் காட்டிவிட்டார்.

ஆக, ஒரு வாத்தியம் உள்நாடா வெளிநாடா என்பதை அது பிறந்த ஊர் தீர்மானிப்பதில்லை. அதில் நம் தோடி வருமா என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து, பொறுமையாக, வருடக்கணக்கில் தேடிப் பார்த்தாரா என்பதே தீர்மானிக்கிறது. பியானோவுக்கு அந்த ஆள் கிடைக்க இருநூறு வருடம் ஆனது. பிடிலுக்கு மணலியிலேயே கிடைத்துவிட்டார்.

பாலுஸ்வாமி தீட்சிதர் வாசித்த ஒரு நிமிட நாதம் கூட நமக்குக் கிடைக்க வழியில்லை. ஒலிப்பதிவு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குக் கற்றுக்கொடுத்த அந்த வெள்ளைக்காரரின் பெயரையும் வரலாறு வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை கச்சேரியில் பாடகர் ஒரு பிடியைப் பாடி நிறுத்த, வயலின் அதை அப்படியே வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது, அந்த இரண்டு பேரையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.